ஒரு தட்டுக்கு ஒரு மூட்டை

காலையில் அந்தப் புடைப்பு அங்கே இல்லை. தொட்டியின் உட்சுவரைச் சாண் சாணாகத் தடவிப் பார்த்து, கைக்குத் தட்டுப்பட்ட நெளிவை எல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டவள் அவள்தான். இதைச் சுற்றி வட்டம் இல்லை. முகத்துக்கு நேரே, யாரோ வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த மாதிரி இருந்தது.

வெயில்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

தானியம் கொட்டி வைக்கிற உருளைத் தொட்டி அது. நாலு மாடி உயரம் இருந்தும் இரும்புத் தகட்டின் தடிமன் விரல் நகத்தின் தடிமன்தான். மேலே இயந்திரம் வைக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் கூரையில் மணல் மூட்டை அடுக்கிச் சோதிக்கிறார்கள். அடுக்குகிறவன் அவள் தம்பி, எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். இரும்புக்குள் செல்போன் வேலை செய்யாது, கத்தினாலும் கூரைக்கு எட்டாது. அதனால் சுத்தியல்தான் பேச்சு. உள்ளிருந்து அவள் ஒரு தட்டு தட்டினால் அடுத்த மூட்டை. இரண்டு தட்டினால் இறங்கி வா. தட்டல் அவன் கால் வழியாகத்தான் தெரியும். புரிந்தது என்று குதிகாலால் ஒரு மிதி மிதிப்பான்.

ஏணி ஏறும்போதுகூட வம்பிழுத்தான். "அக்கா, சின்ன வயசுல என்னைக் கவுத்த மாதிரி கவுத்துடாதே. இப்ப வீட்ல பாப்பா இருக்கு."

கூல்டிரிங்க் டப்பா விளையாட்டைத்தான் சொன்னான். காலி டப்பாமேல் ஒற்றைக்காலில் நிற்பான். டப்பாவும் கம்மென்று தாங்கும். அவள் குனிந்து இரண்டு பக்கமும் விரலால் லேசாகத் தொடுவாள், அவ்வளவுதான். டப்பா மடங்கித் தரையோடு தரையாகிவிடும். பின்னால் காலேஜில் படித்ததும் அதையேதான். நேராக நிற்கும்வரை எவ்வளவு பாரமும் சுமக்கும், பாரத்தோடு நிற்கும்போது ஒரு சின்னத் தட்டு போதும்.

மேலே ஏகப்பட்ட மூட்டை ஏறிவிட்டது. பழைய தானியத் தூசியும் சுட்ட பெயின்ட் வாடையும் மூக்கை அடைத்தன. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, புடைப்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சுவர் கொதித்தது. அந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது. பிறகு அது கைக்குள் மெதுவாக அழுந்தியது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். திரும்பினாள். எதிர்ச்சுவரில், அதே உயரத்தில், இன்னொன்று.

ஐயோ, அவனை இறக்கணும். இரண்டு தட்டு போதும். சுத்தியலை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். முதல் தட்டிலேயே தொட்டி மடங்கினால்? இறங்கி வா என்று தம்பியிடம் சொல்ல அவளுக்கு இருக்கும் ஒரே வழி, அவனைக் கொல்லவும் போதுமான வழி.

தவழ்ந்து வெளியே போய்க் கையசைக்கலாம் என்று அடிச்சுவரில் தான் நுழைந்து வந்த துளைக்கு ஓடினாள். காலையில் வட்டமாக இருந்த துளை இப்போது நசுங்கியிருந்தது. தலை போயிற்று. தோள் போகவில்லை. வெளியே வெயில் பளீரென்று அடித்தது. மூட்டை தூக்கும் மோட்டார் கதறிக்கொண்டிருந்தது, அதன் முன்னால் அவள் குரல் எடுபடவே இல்லை.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். சுத்தியலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தட்டாதவரை அவன் சும்மா இருப்பான். சலித்துப் போய்த் தானே இறங்குவான். இறங்கணும். இறங்கிடுடா, கண்ணு.

டொக்.

அவள் தட்டவில்லை. சத்தம் சுவரின் பாதி உயரத்தில், வெளிப்பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கம் ஏணி கிடையாது. நிற்க ஒரு கம்பிகூடக் கிடையாது.

இன்னும் ஒரே ஒரு தட்டு வரட்டும். இன்னொன்று வந்துவிட்டால் போதும், அவன் இறங்கிவிடுவான். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வரவில்லை.

மேலே குதிகால் மிதித்தது. மூட்டை இழுபட்டது. தொப்பென்று விழுந்தது.

"வேண்டாம்டா," என்றாள்.

டார்ச்சைத் தூக்கினாள். சுவரைச் சுற்றி, புடைப்புக்குப் பக்கத்தில் புடைப்பாக, ஒரே உயரத்தில், வட்டம் முழுக்க. விரல் விரலாக. எல்லாம் ஒரே நேரத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தன.

டொக்.

மேலே தம்பி மிதித்தான்.