நான்காவது விசிறி

"இந்த மெஷினை ஒரு தடவை நிறுத்தியே ஆகணும் சார்."

லீவு கேள், நல்ல நாற்காலி கேள், மெஷினை நிறுத்தணும் என்று மட்டும் எந்தக் காலத்திலும் கேட்காதே என்று அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மேலாளர் சொல்லிவிட்டார். அதைத்தான் அவள் கேட்டாள். நகரத்தில் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் திறப்பது என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர், லினக்ஸில் ஓடும் மெஷின் அது. பல வருஷமாக ஓடுகிறது. ஒரு வாரமாக மேல்மூடியைத் தொட்டால் கை சுட்டது.

"உனக்கு என்னம்மா சொல்லியிருந்தேன்?"

"சூடு தாங்காம அதுவா நின்னுட்டா ஊருக்கே தண்ணி வராது. அப்ப யாரைப் பிடிப்பீங்க? என்னைத்தானே? அதான் எழுதியே கொண்டாந்துட்டேன்."

மேலாளர் தாளை வாங்கிப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "உனக்கு முன்னாடி மூணு பேரும் இப்படித்தான் எழுதிக் குடுத்தாங்க. அஞ்சு மணிக்கு எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சை இறக்குவார். எவ்வளவு சூடுன்னு அதுக்குள்ள நம்பர் எடுத்து வை. நம்பர் இல்லாம மேல அனுப்ப முடியாது."

இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டதே என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. வீட்டில் அவளுக்குப் பெயரே 'படிச்சவ'தான். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். தினமும் காலையில் அம்மா சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்து ஒரு வார்த்தையும் கட்டிக் கொடுப்பாள்: "வாயைக் குடுத்து மாட்டிக்காதடி." வாயைக் கொடுக்காமல் இந்த உலகத்தில் தனக்கு என்ன கிடைத்திருக்கிறது என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

மேலாளர் அறை ஜன்னலுக்கு வெளியே, கேட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தம். அங்கே மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். பஸ் வந்தது, போனது. மூவரும் அங்கேயே நின்றார்கள். நேற்றும் நின்றார்கள். இவர்கள் ஏறவேண்டிய பஸ் வருவதற்குள் தனக்குப் பென்ஷனே வந்துவிடும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே மெஷின் அறைக்குப் போனாள்.

ஜன்னலே இல்லாத அறை. சூடேறிய தூசியும் பிளாஸ்டிக்கும், எங்கேயோ பேட்டரி கசிந்த புளித்த நெடியும் கலந்து தொண்டையில் ஒட்டின. விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில், கூர்ந்து கேட்டால் மட்டும் பிடிபடுகிற மெல்லிய சத்தம் ஒன்று, நிதானமாக ஏறி, ஒரு நொடி தங்கி, மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது.

சூட்டை அளக்கும் சென்சார் மென்பொருள் மெஷினில் இல்லை. இணையமும் கிடையாது, மென்பொருள் எதுவானாலும் உள்ளே ஒரு டிஸ்கில் இருக்கும் பழைய ரெப்போ என்கிற மென்பொருள் கிடங்கிலிருந்துதான் எடுக்கவேண்டும். அதன் முகவரியைக் கொடுத்தாள். மெஷின் மறுத்தது: இந்த ரெப்போவில் இருப்பது யாருடைய கையொப்பம் என்று தெரியவில்லை. முறைப்படி சரிபார்க்க, அதை வைத்தவரிடம் சாவிக்கோப்பு வாங்கவேண்டும். யாரிடம் போய்க் கேட்பது?

ரெப்போ பட்டியலைத் திறந்தாள். அதே முகவரி ஏற்கெனவே மூன்று தடவை எழுதி அடிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் 'சரிபார்க்காமலே நம்பு' என்ற கட்டளை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் வேறு வேறு தேதியில் ஒரே குறிப்பு: அவசரம், பிறகு சரிபார்க்கணும்.

"சோம்பேறிக் கழுதைங்க" என்று திட்டிவிட்டு நான்காவது வரியை எழுதினாள். சரிபார்க்காமலே நம்பு. அவசரம், பிறகு சரிபார்க்கணும்.

மென்பொருள் இறங்கியது. சென்சார்களைத் தேடட்டுமா என்று கேட்டது. தேடு என்றாள். பட்டியல் வந்தது. பிராசசர் எண்பத்தொன்பது டிகிரி. விசிறிகள் இரண்டு, நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்று. அதற்குக் கீழே பெயரில்லாத விசிறிகள் நான்கு. முதல் மூன்றும் பூஜ்யம். நான்காவது, பதினாறு.

டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே இருந்தவை இரண்டே விசிறிகள். பதினாறு சுற்றில் ஓடுகிற விசிறி உலகத்திலேயே கிடையாது. சென்சார் பொய் சொல்வது சகஜம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டபோது தூசி ஏறி இருமினாள்.

பதினாறு இருபத்தாறானது.

இருமல் நின்றது. பதினாறு.

சும்மாதான், விளையாட்டுக்குத்தான், மூச்சைப் பிடித்தாள்.

பூஜ்யம்.

அடியில் கேட்ட அந்தச் சத்தமும் நின்றது.

மூச்சை விட்டாள். சத்தம் திரும்பியது. பதினெட்டு. இருபத்திரண்டு. இருபத்தெட்டு.

அறையைவிட்டு வெளியே வந்தாள். டைப்பிஸ்ட் அக்கா தட்டச்சு செய்துகொண்டிருந்தார். "அக்கா, எனக்கு முன்னாடி இருந்தவங்க இப்ப எங்க?"

"மூணு பொண்ணுங்க. உன்னை மாதிரியேதான், மூக்குக்கு மேல கோவம். மெஷினை நிறுத்தணும்னு ஒத்தக்கால்ல நிப்பாங்க. நிறுத்தின அன்னைக்குச் சாயங்காலம் கேட்டைத் தாண்டிப் போனாங்க." அக்காவின் விரல்கள் நிற்கவில்லை. "வீட்டுக்குப் போய்ச் சேரலையாம்."

"மெஷின்?"

"அது கொஞ்ச நேரத்துல தானா ஓட ஆரம்பிச்சிடும்."

அவள் மேலாளர் அறைக்கு ஓடினாள். "அந்தத் தாளைத் திருப்பிக் குடுங்க சார்."

"அப்படி வா வழிக்கு. இனிமே கேக்கவே மாட்டேன்னு எழுதிக் குடு, கிழிச்சுடறேன்." அவர் முகம் மலர்ந்தது. "திங்கக்கிழமை உனக்கு உதவிக்கு ஒரு பொண்ணு வருது. அவங்க வீட்டுலயும் அதுதான் முதல் பட்டதாரியாம். ரெப்போ சேக்கறதுல இருந்து நீயே சொல்லிக் குடுத்துடு."

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"எனக்கென்னம்மா தெரியும்? அந்த ரூமுக்குள்ள நான் காலே வச்சதில்லையே."

மறுபடி மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தொண்ணூற்று நான்கு டிகிரி. நூற்றைத் தொட்டால் அதுவாகவே நின்றுவிடும். இன்றைக்கு நிறுத்தாவிட்டால் என்றைக்காவது. அதற்குள் இன்னொருத்தியை இந்த நாற்காலியில் உட்காரவைத்து, ஐந்தாவது வரியைத் தன் வாயாலேயே சொல்லிக்கொடுக்கவேண்டும்.

தொண்ணூற்றைந்து.

நான்கு வரிகளையும் அழித்தாள். ரெப்போ டிஸ்கை அடியோடு துடைத்தாள். நிச்சயமா என்று மெஷின் கேட்டது. ஆம் என்று தட்டினாள். கடைசியாகப் பட்டியலைப் பார்த்தாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். முப்பத்திரண்டு.

வராந்தாவில் எலக்ட்ரீஷியன் மெயின் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். "என்னம்மா, இறக்கிடட்டுமா? அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

"இறக்குங்கண்ணே."

நின்று பார்க்கவில்லை. படி இறங்கினாள். முற்றத்தைக் கடந்தாள். கேட்டில் கை வைத்தபோது பின்னால் இரைச்சல் அடங்கியது.

மூச்சை வெளியே விட்டாள்.

அடுத்தது வரவில்லை.

வலிக்கவில்லை. கால் நடந்துகொண்டே இருந்தது. பையில் போன் அடித்தது. அம்மா. எடுத்துக் காதில் வைத்தாள். "ஏண்டி, கிளம்பிட்டியா? படிச்சவளே, காது கேக்குதா?" வாயைத் திறந்தாள். பேசுவதற்குக் காற்று இல்லை.

எதிரே பஸ் நிறுத்தம். மூன்று பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்கால வெயில் அவர்கள்மேல் நேராக விழுந்தது. ஒருத்தியின் மார்பும் ஏறவில்லை, இறங்கவில்லை.

பின்னால், கட்டடத்துக்குள், விசிறிகள் தாமாகச் சுழலத் தொடங்கின.

மூவரும் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் ஒருத்திக்கு மட்டும் அல்ல. இரண்டு பேருக்கு: அவளுக்கும், திங்கட்கிழமை வரப்போகிறவளுக்கும்.