சாக்கு மூட்டைக்குள் கடல்

கோழிகள் கத்திக்கொண்டிருந்தன.

வரதன் மட்டும் சத்தமில்லாமல் கிடந்தான்.

தீவன மூட்டைகளின் மேல் மல்லாந்து... கண்கள் திறந்தபடி... உத்திரமேரூரில் முதன்முதலாகக் கோழிப்பண்ணை வைத்தவன். வயது முப்பத்தைந்து. பக்கத்தில் காலி டிபன் கேரியர்.

சப்-இன்ஸ்பெக்டர் வேதாந்தம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். பெருமாள் கோவில் மடப்பள்ளியில் தோசை வார்த்த குடும்பம். அவருக்கும் கருவாட்டுக்கும் ஏழாம் பொருத்தம்!

"முதல்ல பார்த்தது யாருய்யா?"

"நாந்தான் சார்."

லாரியில் சாய்ந்திருந்தவன் முன்னால் வந்தான். சின்னராசு. கடலோரக் குப்பத்துக்காரன். சொந்தமாக இழுவைப் படகு, அவன் பாஷையில் 'போட்டு', வைத்திருக்கிறான். வலையில் சிக்கும் கழிவு மீனைக் காயவைத்து, கோழித் தீவனத்துக்காக இங்கே கொண்டுவருபவன்.

"லோடு எறக்கிக்கினு இருந்தேன் சார். அண்ணன் சாப்ட்டாரு. ஒதடு மரத்துப் போச்சுடான்னாரு... கையத் தூக்க முடியலன்னாரு... அவ்ளோதான் சார்! பூட்டாரு!"

"என்ன சாப்பிட்டார்?"

"கருவாட்டுக் கொழம்பு. அண்ணி வூட்ல ஆக்கி அனுப்பிச்சது."

வேதாந்தம் அவனை ஒரு கணம் பார்த்தார்.

"இன்னிக்கு ஆக்கினதா?"

"ஆமா சார். சுடச்சுட வந்துச்சு. நானே வாங்கிக் குடுத்தேன்."

ஹெட் கான்ஸ்டபிள் பச்சமுத்து ஒரு மூட்டையைப் பிரித்துக் கவிழ்த்தார்.

கொட்டியது... ஒரு கடல்!

சுண்டுவிரல் நீள மீன்கள். காசு அளவு நண்டுகள். காய்ந்து சுருண்ட கடல்குதிரைகள். எதுவும் முழுசாக வளர்ந்ததில்லை.

"எல்லாம் பச்சக் கொயந்தைங்களா கீதே!" என்றார் பச்சமுத்து.

"பெருசு இப்ப எங்க சார் கெடைக்குது?" சின்னராசு சிரித்தான். "சின்னக் கண்ணி வலை. அடிமண்ணோட வாரிடுவோம். ஒண்ணு தப்பாது!"

கிளறிக்கொண்டிருந்த பச்சமுத்துவின் லத்தி நின்றது. குவியலில் முள்முள்ளாக, உருண்டையாக ஒன்று.

"சார்... பேத்தை மீனு! குப்பத்துல பந்தோபஸ்து போனப்போ பாத்துகீறேன். தின்னா ஒதடு மரத்துடும். அப்பறம் மூச்சு நின்னுடும். காய வெச்சாலும் வெசம் போவாது சார்!"

"அய்யய்யோ!" சின்னராசு தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணி இதுலேந்துதான் எடுத்து ஆக்கினாங்களா? தெரியாமலா... தெரிஞ்சேவா சார்?"

"அதையும் கேட்டுடுவோம். ஜீப்புல ஏறு. அந்தம்மா முன்னாடியே சொல்லு."

வரதன் வீட்டு வாசலில் தெருவே நின்றது.

"புருசனுக்கு மருந்து வெச்சுட்டாளாம்!"

"காஞ்சிபுரம் கோர்ட்டுல தூக்குதான்!"

கனகா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது முடித்த கண்கள். இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை.

"கேரியர்ல என்னம்மா அனுப்பினே?"

"மொச்சக்கொட்ட சாம்பாரு சார்."

"பொய்!" சின்னராசு கத்தினான். "கேரியர மோந்து பாருங்க! கருவாட்டு வாசன அப்பிடியே கீது!"

"கீதுதான் சார்," என்றார் பச்சமுத்து, பண்ணையிலிருந்து எடுத்துவந்த கேரியரை முகர்ந்து. வருத்தமாக.

கூட்டம் நெருங்கியது. கனகா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "நான் உள்ள பூட்டா இத்த யாரு சார் பாத்துக்குவாங்க?"

வேதாந்தம் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"கருவாடு ஆக்குற சட்டி எதும்மா?"

அவள் மேலே கை காட்டினாள். பரண்!

பச்சமுத்து ஏறினார். கவிழ்ந்து கிடந்த மண்சட்டியைத் தூக்கினார். உள்ளே சிலந்தி வலை. வலைக்குள் ஒரு குடும்பம்!

"எப்போ மேல போச்சு?"

"ஆவணி கடைசில சார். கவிச்சி சட்டிய எல்லாம் ஏத்திட்டு, வூட்டக் கழுவி வுட்டோம். பொரட்டாசி முடிஞ்சாத்தான் எறக்குவோம். இன்னிக்கு மூணாஞ் சனி சார்... பெருமாளுக்குத் தளிகை போட்டுகீறேன். எந்தக் கையால கருவாட்டத் தொடுவேன்?"

வாசலில் தலைகள் ஆடின. அத்தனை வீட்டுப் பரணிலும் அதேபோல் சட்டி!

சின்னராசு ஓர் அடி பின்னால் வைத்தான்.

"உங்க குப்பத்துல எல்லா மாசமும் மீன்தான். இந்த ஊர்ல ஒரு மாசம் அடுப்புக்கே விரதம்," வேதாந்தம் நிதானமாகச் சொன்னார். "அது தெரியாமப் பழி போட்டுட்டியே சின்னராசு! ஏம்மா, இவனுக்கும் உன் புருஷனுக்கும் என்ன தகராறு?"

"போன வாரம் கட்டுமரக்காரங்க வந்தாங்க சார். நீ வாங்கறவரைக்கும் சின்னராசு குஞ்சு குளுவான் எல்லாத்தையும் வாரிடுவான், எங்க வல வெறுமனே வருதுன்னு அயுதாங்க. இவரு மனசு கேக்காம, இன்னிக்கு வர்றதுதான் கடைசி லோடு, இனிமே வாணாம்னு இவன்கிட்ட சொல்லிட்டாரு."

சின்னராசு ஓடினான்.

நாலே எட்டு! பச்சமுத்துவின் லத்தி முழங்காலில் இறங்கியது.

பண்ணையில் நின்ற லாரியின் சீட்டுக்கு அடியில் ஸ்டவ். அலுமினியப் பாத்திரம். பேத்தையின் உரித்த முள்தோல். கேரியரிலிருந்து கொட்டிய மொச்சை சாம்பார்.

"அவருக்கு நாக்கு அடங்காது சார்..." சின்னராசு முனகினான். "பொரட்டாசில வூட்டுக்குத் தெரியாம ஆக்கிக் கேப்பாரு. எதுக்கு ஒளிக்கறாருன்னு நான் ரோசிக்கல. லோடு நின்னா போட்டு நின்னுடும் சார், அந்த ஆத்திரந்தான். வல எடுக்கறதுல முக்காவாசி குஞ்சுதான்... கோயிப் பண்ணைய வுட்டா எவன் வாங்குவான்?"

விலங்கு மாட்டினார்கள்.

ஜீப் கிளம்பும்போது திடீரென்று அலறினான்.

"சார்! என் போட்டு கரைல சும்மா கெடக்குமே சார்!"

பச்சமுத்து பீடியைப் பற்றவைத்தார்.

"கெடக்கட்டும்டா. கடல்ல நாலு மீனாவது வயசுக்கு வரட்டும்!"