சுற்றாமல் நின்றவள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செல்வலட்சுமியை அந்த இடத்துக்கு மாற்றினார்கள். ஒரகடத்தில் கார் கண்ணாடி செய்கிற கம்பெனி. கண்ணாடிகள் பெல்ட்டில் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். நின்றபடி கீறல் பார்க்க வேண்டும். கூட வேலை பார்த்த காவேரி பெல்ட்டில் விழுந்து செத்ததிலிருந்து காலியாகக் கிடந்த இடம் அது. தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். அதற்கடியில் வேறொரு வாடை இன்னும் இருந்தது.

போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள், விழுந்தாள் என்று மேனேஜர் எழுதி முடித்துவிட்டார். போனைத்தான் கேட்டிலேயே பிடுங்கி வைத்துக்கொள்கிறார்களே! நினைக்க நினைக்கச் செல்வலட்சுமிக்கு வயிறு எரிந்தது.

நெடுநேரம் பெல்ட்டையே பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். சுவர் நகர்ந்தது. தூண் நகர்ந்தது. கூரை விளக்குகள் இடப்பக்கமாக ஓடின. மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஒருத்தி மட்டும் நகரவில்லை.

கம்பெனியின் நீலச் சட்டை, தலையில் வலைத்தொப்பி. எல்லாம் சுற்றும்போது அவள் மட்டும் நட்டுவைத்த மாதிரி நின்றாள். முகம் தெரியவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வாலாஜாபாத்தில் டாக்டர் மதிவதனியிடம் போனாள்.

"நாள் பூரா ஓடுறதையே பாத்தா, நீதான் ஓடுறேன்னு கண்ணு சொல்லும். இல்ல, நிக்கிறேன்னு காதுக்குள்ள இருக்குற நீர் சொல்லும். ரெண்டும் ஒத்துப்போகலன்னா தலை சுத்தும்மா. சில பேருக்குக் கண்ணு தானா ஆடும். எல்லாம் சுத்துறது அதனாலதான்."

"ஒருத்தி மட்டும் அசையாம நிக்கா, டாக்டர்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அப்படி இருக்க முடியாதே. கண்ணு ஆடினா வெளிய இருக்கிறது எல்லாமே ஆடும்."

"ஆடலியே."

டாக்டரின் குரல் தாழ்ந்தது. "அப்போ அது கண்ணோட சேர்ந்து ஆடுது. வெளிய இல்லம்மா. உன் கண்ணுக்குள்ள இருக்கு."

வேலைக்குத் திரும்பியதும் சூப்பர்வைசர் ஜோயலிடம் வேறு இடம் கேட்டாள். அங்கேயே நின்றால் அடுத்து விழப்போவது தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"இன்னா, டிராமாவா?" என்று சிரித்தான் அவன். "அவளும் இதையேதான் சொல்லிக்கினு இருந்தா. தல சுத்துதாம், லைன நிறுத்தணுமாம். போ, போய் நில்லு."

காவேரியும் சொல்லியிருக்கிறாள். கெஞ்சியிருக்கிறாள். செல்வலட்சுமிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப தெரிஞ்சேதான் அவள நிப்பாட்டுனீயளா?"

"இன்னா மொறைக்கிற? கண்ண கீழ போடு."

அவள் போடவில்லை. இத்தனை நாள் தலைகுனிந்தே பேசியவள் அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

கண்ணுக்குள் ஏதோ நகர்ந்தது.

வலிக்கவில்லை. தூசி போனது மாதிரி லேசாக இருந்தது.

ஜோயல் கையை நீட்டித் தூணைத் தேடினான். தூண் அவனுக்கு மறுபக்கம் இருந்தது. "ஏய்... எல்லாம் சுத்துதுடி..." கால்கள் அவனைப் பெல்ட் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போயின. "யாருடி அது, முன்னால? அவள நவுரச் சொல்லு!"

அவன் முன்னால் யாரும் இல்லை.

லைனை நிறுத்தும் சிவப்புக் கயிறு தலைக்கு மேல் தொங்கியது. காவேரி தள்ளாடியபோது அதை இழுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. இழுத்தால் வேலை போய்விடும் என்று இவன்தான் மிரட்டி வைத்திருந்தான். செல்வலட்சுமி எட்டி இழுத்தாள். அவன்மேல் இரக்கப்பட்டு இல்லை. அந்தப் பெல்ட் இன்னொரு உயிரைத் தின்னக் கூடாது என்ற ஆத்திரத்தில் இழுத்தாள்.

பெல்ட் நின்றது. ஜோயல் அதன் ஓரத்திலேயே சரிந்து விழுந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறினான்.

"மூடிக்கினாலும் நிக்கிறா... கிட்ட வர்றா!"

லைனை எவள் நிறுத்தினாள் என்று கத்திக்கொண்டே மேனேஜர் ஓடிவந்தார். ஜோயல் கிடப்பதைப் பார்த்து மண்டியிட்டுக் குனிந்தார்.

"ஜோயல், கண்ணைத் திற. என்னைப் பாரு."

செல்வலட்சுமி வாயைத் திறக்கவில்லை.

ஜோயல் மெல்லக் கண்ணைத் திறந்தான். அவன் மூச்சு சீராகி, முகம் தெளிந்தது.

மேனேஜரின் கை சுவரைத் தேடிக் காற்றில் துழாவியது.