ஏழாம் இதழின் வாசகர்

காலை 9.10. பேராதனை வீதியிலுள்ள பவளத்தீவு ஆய்வு நிலையத்தில் அலுமாரியைத் திறந்த நூலகர் ரத்தினம்மா, "ஐயோ, ஏழாம் இதழக் காணோம்!" என்று கத்தினார்.

11.00. இன்ஸ்பெக்டர் றவூப் வந்து சேர்ந்தார். கடலே இல்லாத ஊரில் கடலாராய்ச்சியா என்று ஜீப்பில் சிரித்துக்கொண்டு வந்தவருக்கு, விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

இளம் ஆய்வாளர் மஸீனா, நிலையத்தின் மூத்த ஆய்வாளர் டொக்டர் இராமகிருஷ்ணனின் புத்தகத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதினாள் என்று புகார். பவளத்தீவுகளின் அடியில் நன்னீர் தேங்குவது பற்றிய தன் கட்டுரை, அந்தப் புத்தகத்துக்கு மூன்று வருடம் முந்தியே ஒரு வெளிநாட்டு ஆய்விதழின் ஏழாம் இதழில் வந்துவிட்டது என்பது அவள் பதில். அவளுக்கு அனுப்பிய பிரதி தபாலில் தொலைந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் மற்ற நூலகங்கள் அதை வாங்காததால், நாட்டிலிருந்த ஒரே பிரதி காணாமற்போன இதுதான். இரண்டு மணிக்கு விசாரணைக்குழு கூடும். இதழ் இல்லையென்றால் அவள் வேலை போய்விடும்.

"சாவி எங்க வைப்பீங்க?"

"ஆபீஸ் ஆணியில சேர். யாரும் எடுக்கலாம்," என்றார் ரத்தினம்மா. "மழை தொடங்கினதில இருந்து இன்டைக்குக் காலையில வரைக்கும் நான் அலுமாரியத் தொறக்கல, துடைக்கவும் இல்ல."

இராமகிருஷ்ணன் கதிரையில் சாய்ந்தார். "அது போன வருஷமே இல்லீங்க. நானே தேடினேன். அந்த இடம் இப்படியேதான் காலியா கிடந்துச்சு. அத யாரு வாசிக்கிறா? ஒரு அடிக்குறிப்புலகூட அந்த இதழோட பேரு கிடையாது."

"பொய்! போன மாசம் நான் கையில எடுத்துப் பாத்தீக்கிறன் சேர்," என்றாள் மஸீனா.

"சாட்சி இருக்காம்மா?" என்று இராமகிருஷ்ணன் இளித்தார்.

றவூப் அலுமாரி முன் நின்றார். இதழ்களின் முதுகெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் பூஞ்சணம். ஆறாம் இதழுக்கும் எட்டாம் இதழுக்கும் நடுவே இரண்டு விரல் அகல வெளி. அந்த வெளியைப் பார்த்திருந்த இரண்டு அட்டைகளும் புதுசுபோல் நீலமாக மின்னின.

அவருக்குள் சூடேறியது. ஒருத்தியின் உழைப்பை எடுத்ததோடு விடாமல், அவளையே திருடி என்கிறார்களே!

"டொக்டர், இந்த ஊர் மழையில வெளிக்காட்டி நிக்கிற அட்டை எல்லாத்திலயும் பூஞ்சணம் பிடிச்சீக்கிது. இந்த ரெண்டிலயும் இல்ல. ஏன்? நடுவுல இருந்த இதழ் இந்த மழை முழுக்க அதுகள மூடி நின்னீக்கிது. எடுத்து ரெண்டு நாள்கூட ஆகல. போன வருஷம் காலி இடத்தப் பாத்தேன்னு சொன்னவர் நீங்க ஒருத்தர்தான். உங்கட மேசை லாச்சியத் தொறங்க."

இராமகிருஷ்ணன் எழவில்லை. றவூபே சாவியை வாங்கி மேசை இழுப்பறையைத் திறந்தார். கோப்புகளுக்கு அடியில் ஏழாம் இதழ். பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துண்டுகள் செருகியிருந்தன.

"எரிக்காம ஏன் வெச்சீங்க?"

"அடுத்த புத்தகம்... இன்னும் முடியல."

"வாசகரே இல்லாத இதழுக்கு இப்படி ஒரு வாசகரா! திருட நேரம் இருந்திச்சு, ஒரு அடிக்குறிப்பு போட நேரமில்ல!"

2.00. குழுத் தலைவர் இதழைப் புரட்டினார். குரல் இறங்கியது. "மிஸ் மஸீனா, உக்காருங்க. கட்டுரைய வாசிச்சுக் காட்டுங்க."

மஸீனா உட்காரவில்லை. எதிரே இருந்த இராமகிருஷ்ணனைக் காட்டினாள்.

"நான் எழுதிட்டன் சேர். வாசிக்கிறத அவர் செய்யட்டும். என்ட பேரிலிருந்து தொடங்கச் சொல்லுங்க."