காவல் மீன்

வாசற்படியில் கிடந்த பாம்பைச் சுற்றி இருந்த புல்லில் ஒரு தடம்கூட இல்லை. அதுதான் டெல்மருக்கு முதலில் உறுத்தியது. ஏப்ரல் மாதத்தில் ஏரிக்கரை வீட்டில் பாம்பைப் பார்ப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் விடியற்காலைப் பனி முற்றம் முழுக்க வெள்ளையாகப் படிந்து, எறும்பு நடந்திருந்தால்கூடக் கோடு தெரியும் அளவுக்குக் கலையாமல் இருக்க, நடுவில் இது மட்டும் மேலிருந்து யாரோ இறக்கி வைத்ததுபோல் ஏரித் தண்ணீர் சொட்டச் சொட்டச் சுருண்டு கிடந்தது.

மனைவி ராமோனா இப்போதுதான் பின் கதவு வழியாகக் கோழிக் கம்பெனி வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். காரை எடுக்கும்போதுகூட ஜன்னல் வழியே தலையை நீட்டி ஒரு பாட்டம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"பால் புட்டி அடுப்பு மேல இருக்கு. கதவைத் திறந்து போட்டுட்டு ஏரியைப் பாத்துக்கிட்டு நிக்காத. பாப்பா உருள ஆரம்பிச்சுட்டா."

"போடி, எனக்குத் தெரியாதா?"

"தெரியும். மீனைக் கண்டா பொண்டாட்டி பேரே மறந்துபோகும்னும் தெரியும்."

அவள் சொன்னதில் பாதி விளையாட்டு, பாதி பயம். இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போன பிறகு பிறந்தவள் ஹேட்டி. அவள் தும்மினால்கூட இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். இன்று அவளைப் பார்த்துக்கொள்ள டெல்மரை விட்டால் வேறு ஆள் இல்லை.

அவன் மண்வெட்டியை எடுத்து வந்து பாம்பைத் தள்ளினான். அது இரண்டு முறை லேசாகத் துடித்தது. நின்றது. மறுபடி இரண்டு முறை. தக்கையாகக் கனமே இல்லாமல் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டுத் திரும்பியவன், கை முகத்தருகே வந்தபோது பூண்டு வாசனை அடிப்பதை உணர்ந்தான். நேற்றைய வாசனைதான் இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று கையைக் கழுவினான்.

நேற்று அவனும் ராமோனாவின் அண்ணன் ராய்ஸும் ஏரியின் மேற்கு மூலையில் பேஸ் மீன் பிடிக்கப் போயிருந்தார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாகும் இந்தச் சில வாரங்களில்தான் அகன்ற வாய்க்காரப் பேஸ் கரையோரம் வரும். வாலால் சேற்றை விலக்கி வட்டமாக ஒரு குழி செய்யும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். தகப்பன் மீன்தான் அங்கேயே நின்று காவல் காக்கும். அதற்கு அப்போது பசி கிடையாது. ஆனால் குழிக்குள் தூண்டில் முள்ளை ஒளித்த ஒரு ரப்பர் பல்லியைப் போட்டு, மணிக்கட்டால் இரண்டு சுண்டு சுண்டி நிறுத்தினால், பொறுக்காது. முதல் தடவை மூக்கால் தள்ளும். அடுத்த தடவை உதட்டின் நுனியில் கவ்வி வெளியே துப்பும். விடாமல் அதே இடத்தில் போட வேண்டும், ஒவ்வொரு தடவையும் முட்டைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக. கடைசியில் ஆத்திரத்தில் முழுசாக வாய்க்குள் வாங்கும். அப்போது இழுக்க வேண்டியதுதான். ரப்பர் வாசம் தெரியாமல் இருக்க ராய்ஸ் எல்லாவற்றின் மேலும் பூண்டு எண்ணெய் பீச்சுவான்.

நேற்று வந்தது டெல்மர் தன் வாழ்நாளில் பார்க்காத பெரிய மீன். படகின் நிழல் அதன் மேலேயே விழுந்து கிடந்தது. அது ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை.

பிடித்தால் அதே குழியில் உடனே திருப்பி விட வேண்டும் என்பது அந்த ஏரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். குழியைச் சுற்றி உள்ளங்கை அளவு தட்டை மீன்கள் கூட்டமாக, வட்டத்துக்குள் வராமல், ஒரு பக்கக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கும். காவல் மீன் போன மறு நொடி உள்ளே பாயும். டெல்மருக்கும் தெரியும். தெரிந்துதான், ராய்ஸ் தன் படகில் எதிர்க்கரைக்குத் திரும்பியதும், அதைத் தன் படகின் தொட்டியில் போட்டு வீடு வரை கொண்டுவந்தான், மனைவியிடம் காட்டுவதற்காக. பிறகு தன் வீட்டுத் துறையிலேயே தண்ணீரில் விட்டான். குழி இருந்தது ஏரியின் மறு கோடியில்.

பால் புட்டியை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, நடைப் பாயில் பாம்பு கிடந்தது.

வாசல் கதவு பூட்டியிருந்தது. பின் கதவும். ஜன்னல்கள் எல்லாமே மூடியிருந்தன. குழந்தையின் அறைக்கு இரண்டு எட்டுத் தள்ளி, பாயில் நீர் ஊறிப் பரவ, அதே பாம்பு, அதே சுருள். இரண்டு முறை துடித்து நின்றது. டெல்மர் பால் புட்டியைத் தரையில் வைத்தான். இறைச்சி புரட்டும் இடுக்கியால் அதன் நுனியைப் பற்றி, கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டியபடி பின் கதவைத் திறந்து வெளியே எறிந்தான். எறியும்போது அதன் கண்ணைப் பார்த்தான். அது கண் இல்லை. தலையில் வைத்த ஒரு கறுப்புப் புள்ளி.

வெளியே இன்னும் வெளிச்சம் வரவில்லை. வேலி ஓரம், பனியில், வேலிக் கம்புகள் வழக்கத்தைவிட நெருக்கமாகத் தெரிந்தன. கதவைச் சாத்தி நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு ராய்ஸைப் போனில் கூப்பிட்டான்.

"என்ன மாப்ள, இன்னிக்கும் கை அரிக்குதா?"

"ராய்ஸ், வீட்டுக்குள்ள பாம்பு. ரெண்டு தடவை தூக்கிப் போட்டுட்டேன். திரும்பத் திரும்ப வருது."

"உன் மூஞ்சியப் பாக்கணும்னு அதுக்கு அவ்ளோ ஆசை. கட்டையால ஒரே போடு போடுறா."

"பூண்டு வாசனை அடிக்குது."

ராய்ஸ் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "டேய், நேத்து அந்த மீனைக் குழிலதான விட்ட?"

டெல்மர் ஜன்னல் வழியே தன் வீட்டுத் துறையைப் பார்த்தான்.

"அடப்பாவி! அது எல்லாம் அழிஞ்சிருக்கும்டா. அப்பன்னு ஒருத்தன் இல்லாம ஒரு நிமிஷம் தாங்காது."

"நீ கொஞ்சம் வாயேன். இன்னும் விடியக்கூட இல்ல, எனக்கு என்னவோ..."

"விடியலையா? இங்க வெயில் பல்லைக் காட்டுது." ராய்ஸின் வீடு எதிர்க்கரையில். அவன் வெளியே நடந்து வரும் சத்தம் கேட்டது. "எல்லா இடமும் பளிச்சுன்னு இருக்கு. உன் வீட்டு மேல மட்டும் என்னடா அது நிழல்? நீளமா... டெல்மர், பாப்பாவ எடுத்துக்கிட்டு..."

கொரகொரவென்று ஒரு சத்தம். பிறகு வெறும் இரைச்சல்.

அவன் ஓடினான்.

குழந்தையின் அறையில் பூண்டு நெடி மூக்கை அடைத்தது. அதற்கு அடியில் ஏரிச் சேறு. ஹேட்டி விழித்திருந்தாள். அழவில்லை. தொட்டில் கட்டிலில் மல்லாந்து, தன் நெஞ்சின் மேல் கிடந்ததை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் தலை அவள் வாயருகே இருந்தது.

இரண்டு துடிப்பு. நின்றது.

அந்தத் தாளத்தை டெல்மர் அறிவான். நேற்று முழுக்க அது அவன் மணிக்கட்டில் இருந்தது.

அப்போதுதான் தூண்டில் நூல் தெரிந்தது, கண்ணாடி போன்ற தங்கூசி. பாம்பின் கழுத்திலிருந்து, மயிரிழை போல், நேராக மேலே. கூரைப் பலகையில் ஓட்டை இல்லை. ஆனாலும் அது பலகைக்குள் போனது. மேலே போனது.

ஜன்னலில் ஏதோ உராய்ந்தது. அவை வேலிக் கம்புகள் இல்லை. வேலியைத் தாண்டிவிட்டன. இடுப்பு உயரம். தட்டையானவை. முற்றம் முழுக்க, ஒன்றையொன்று ஒட்டி, பக்கவாட்டில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கண் வீட்டைப் பார்த்தபடி. ஒன்றும் உள்ளே வரவில்லை. இன்னும் வரவில்லை.

தொடாதே என்று அவன் தனக்குள் கத்தினான். தொடாதே. தூக்கினால் போச்சு. மகளின் கால்களைப் பற்றித் தன் பக்கம் இழுத்தான். பாம்பும் கூடவே நகர்ந்தது. அவள் சிரித்தாள். வாயைத் திறந்தாள்.

இரண்டு துடிப்பு.

தலை அவள் உதட்டுக்குள் நுழைந்தது.

டெல்மர் வெறுங்கையால் அதைப் பிடித்தான். முழுசாக. இறுக்கி. அவள் வாயிலிருந்து உருவி எடுத்தான்.

உள்ளங்கையில் ஏதோ இறங்கியது. மணிக்கட்டு வரை. வலி பிறகுதான் வந்தது.

தங்கூசி விறைத்தது.

மற்றக் கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கால் பெருவிரல் மட்டும் தரையில் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. கீழே ஹேட்டி இரண்டு கைகளையும் அவனை நோக்கி நீட்டினாள். பின் கதவில் முட்டுக்கொடுத்த நாற்காலி சரிந்து விழும் சத்தம் கேட்டது. கம்பியில் அவனுடைய விரல்கள் ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டிருந்தன. நடையில், ஈரமாக, நிறையப் பேர் வரும் சத்தம்.