திரையில் இல்லாத பெயர்

அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவருடைய பெயர் கணினியிலிருந்தும் காணாமல் போயிருந்தது.

துருவி திரையை உற்றுப் பார்த்தாள். அம்மாவின் பெயர் இருந்தது. அவளுடைய பெயரும் இருந்தது. நடுவில் இருந்த ‘அப்பா’வைக் காணோம்.

எதையும் நோண்டிப் பார்ப்பாள், துருவித் துருவிக் கேள்வி கேட்பாள் என்பதால் அப்பா வைத்த செல்லப்பெயர்தான் துருவி. இப்போதெல்லாம் அவள் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

“அக்கா, எறும்புக் கதை போடு,” என்று வந்து நின்றான் தம்பி பொடியன். அவனுக்கு ஐந்து வயது.

அப்பாவுக்கு அச்சகத்தில் இரவு வேலை. பொடியன் தூங்கப் போகும் நேரத்தில் அவர் வீட்டில் இருக்க மாட்டார். அதனால் லாரி ஓட்டும் ஓர் எறும்பின் கதையைத் தன் குரலிலேயே பதிவு செய்து, கணினியில் தன் கணக்கில் வைத்திருந்தார். அம்மா மருந்துக் கடை வேலையிலிருந்து வருவதற்குள் பிள்ளைகள் அதைக் கேட்டுவிடுவார்கள். அப்பாவின் கடவுச்சொல் துருவிக்குத் தெரியும்.

“அப்பா பேரு இல்லடா.”

“எங்க போச்சு?”

“தெரியல.”

“பேரும் செத்துப் போச்சா?”

துருவி விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்தாள். தன் கணக்கில் நுழைந்து, கட்டளை தட்டும் கறுப்புச் சன்னலைத் திறந்தாள். அப்பாவின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தாள். ஒரே ஒரு வரி வந்தது.

‘இந்தக் கணக்கு இப்போது கிடைக்காது.’

பொடியன் அழத் தொடங்கினான். துருவி மாமாவைத் தொலைபேசியில் அழைத்தாள். ஓர் அலுவலகத்தின் கணினிகளை எல்லாம் பார்த்துக்கொள்பவர் அவர்.

“போன தடவை வந்தப்போ நான்தான் கண்ணு பூட்டினேன். எங்க ஆபீஸ்ல யாராவது வேலையை விட்டுப் போனா இப்படித்தான் செய்வோம்.”

“அப்பா வேலையை விட்டுப் போகல, மாமா.”

“தெரியும் கண்ணு,” என்றார் மாமா.

“எப்படிப் பூட்டினீங்க?”

“ஷெல்லை மாத்தினேன். நாம தட்டுற கட்டளையைக் கம்ப்யூட்டர்கிட்ட கொண்டு போறதுதான் ஷெல். எந்தெந்த ஷெல் செல்லும்னு உள்ளே ஒரு பட்டியல் இருக்கு. அப்பாவுக்கு அதுல இல்லாத ஒண்ணை வெச்சிட்டேன், அதான் பேரு திரையில வரல. அதுக்கு ஒரே வேலைதான். வர்றவங்களை ‘கிடைக்காது’ன்னு திருப்பி அனுப்பிடும். ஆனா கண்ணு, உங்கம்மா...”

அவர் முடிப்பதற்குள் துருவி அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

கணக்குகள் இருக்கும் கோப்பைத் தேடிப் பிடித்தாள். அவளுடைய வரி ‘பாஷ்’ என்ற ஷெல்லின் பெயரோடு முடிந்தது. அப்பாவின் வரி, ‘உள்ளே விடாதே’ என்று பொருள்படும் ‘நோலாகின்’ என்று முடிந்தது. பட்டியலைப் பார்த்தாள். பாஷ் இருந்தது. நோலாகின் இல்லை.

மாற்றும் உரிமை அவளுக்கு இருந்தது. பகலில் தூங்கும் அப்பாவை ஒவ்வொரு கணினி விளையாட்டுக்கும் எழுப்பி, “இதை ஏத்தித் தாங்கப்பா,” என்று அவள் நச்சரித்ததில், “தாயே, நீயே ஏத்திக்கோ, என்னை விடு!” என்று அவரே கொடுத்த உரிமை அது.

கட்டளையைத் தட்டினாள். ‘அப்படி ஒரு ஷெல் இல்லை’ என்றது கணினி. பார்த்தால், ஓர் எழுத்தை விட்டிருந்தாள். திரும்பத் தட்டினாள். கணினியை அணைத்துப் போட்டதும் ‘அப்பா’ திரையில் வந்து நின்றார்.

பொடியன் கைதட்டினான். எறும்பு லாரிக்கு டீசல் போடுவதற்குள் தூங்கியும் போனான்.

அம்மா வந்து கணினி முன் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே உறைந்து போனார்.

“யாரு இந்தப் பேரைத் திரும்பக் கொண்டு வந்தது?”

“நான்தான்மா.”

“மாமாகிட்ட எடுக்கச் சொன்னதே நான்தான்டி. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும்... அவர் பக்கத்து ரூம்ல இருக்கிற மாதிரியே இருக்கு. திரும்பிப் பார்த்தா யாரும் இல்ல. என்னால முடியல.”

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, சத்தம் வராமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் வகுப்பில் துருவியின் காதில் எதுவுமே விழவில்லை. பெயர் இருந்தால் அம்மா அழுவார். இல்லாவிட்டால் பொடியன் அழுவான். துருவி எப்போது அழுவது? அதை யாரும் கேட்கவில்லை. இதற்கு வழியே இல்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தாங்க முடியாதது அந்தப் பெயர். பொடியனுக்கு வேண்டியது அந்தக் குரல். இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டுமா?

கதைகள் எல்லாவற்றையும் தன் கணக்குக்கு நகலெடுத்தாள். ஒவ்வொன்றும் ஓடுகிறதா என்று பார்த்தாள். பிறகு கறுப்புச் சன்னலில், அப்பாவின் பெயருக்கு நேராக ‘நோலாகின்’ என்று தட்டினாள்.

கடைசிப் பொத்தானை அழுத்த விரல் வரவில்லை. இந்தத் தடவை பூட்டப்போவது மாமா இல்லை. அவளேதான்.

“அப்பா,” என்றாள் மெல்ல. அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அழுத்தினாள்.

பெயர் போய்விட்டது.

அன்று அம்மா சீக்கிரமே வந்துவிட்டார். படுத்திருந்த பிள்ளைகள் கதவு திறந்த சத்தத்தைக்கூடக் கவனிக்கவில்லை. அறையில் அப்பாவின் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

“எறும்பார் ஹாரன் அடிச்சார். பாம் பாம்! அப்புறம்... அச்சூ! மன்னிக்கணும் எறும்பாரே, மேலே தெறிச்சிடுச்சு.”

வாசலில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பாதிச் சிரிப்பு, பாதி அழுகை. துருவி திடுக்கிட்டு எழுந்து கதையை நிறுத்தப் போனாள்.

“நிறுத்தாதே,” என்றார் அம்மா.

“பேரை எடுத்துட்டேன்மா. இனிமே அது வராது. குரல் மட்டும் என்கிட்ட...”

“கேட்டுக்கிட்டுதான் நின்னேன்டி.” அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தும்மினதுக்கு எறும்புகிட்ட மன்னிப்பு கேக்குறாரு. இந்த மனுஷன் என்கிட்ட ஒரு நாளாவது கேட்டிருப்பாரா?”

பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

“தள்ளிப் படுங்க ரெண்டு பேரும். எனக்கும் இடம் விடுங்க.”

பொடியன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, தன் தலையணையில் பாதியை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தான்.