எசனில் பிறந்த அமெரிக்கர்கள்

செவ்வாய், மாலை ஆறு மணி. ஜேர்மனியின் எசன் நகரத்துத் தொலைபேசிக் கருத்துக்கணிப்பு நிலையமொன்றில் முப்பது அமெரிக்கர்கள் காணாமற்போனார்கள். சரியாகச் சொன்னால், அவர்கள் இருந்ததே இல்லை.

அமெரிக்கத் தமிழரை அழைத்து, வைத்தியச் செலவு, மதம், அரசு எதை முதலில் செய்யவேண்டும் என்றெல்லாம் கேட்டுப் பதிவதுதான் அங்கு வேலை. முப்பது பேரின் பதில்கள் கணினியில் இருந்தன. அவர்களுக்கு அழைப்பு ஒன்றுகூடப் போயிருக்கவில்லை. அந்தக் கணினியில் மாறிமாறி இருப்பவர் இருவர். ஒருவர் கொட்வின், மன்னார்க் கத்தோலிக்கர், பழைய ஆள். மற்றவள் சிவசக்தி, திருநீற்றோடு வரும் புதியவள். இந்த வேலையைக் காட்டித்தான் அவள் தன் வீசாவை நீட்டவேண்டும்.

“புதுசுதான் செய்திருக்கும். நாளைக்கு நிப்பாட்டுறன்,” என்றார் முகாமையாளர் மகேந்திரராஜா.

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை,” என்றாள் பதில்களைச் சரிபார்க்கும் மெலனி. துப்பறிவதில் அவளுக்கிருந்த ஒரே அனுபவம், வீட்டில் தொலைந்த ரிமோட்டைக் கண்டுபிடித்தது. அவளேதான் அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

பதில்களைப் படித்தாள். ‘டொக்டரிட்டக் காசு கட்டுறேல்லை.’ ‘டொக்டரைப் பாக்க டெர்மின் எடுக்கிறதுதான் கஷ்டம்.’ ‘சேர்ச் வரி கூடிப்போச்சு, அதால சேர்ச்சை விட்டு விலகிட்டன்.’ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுபடி படித்தபோது தலை நின்றது.

சிவசக்தியைக் கூப்பிட்டாள்.

“தங்கச்சி, சேர்ச் வரி எவ்வளவு பிடிப்பினம்?”

“அப்பிடியும் ஒண்டு இருக்கோ அக்கா? எனக்கு அருச்சனைச் சீட்டுத்தான் தெரியும்.” பிறகு, வானிலை சொல்வதுபோல: “என்னை அனுப்பப்போறியளோ?”

கொட்வின் கோப்பி மெஷினடியில் நின்றார்.

“அண்ணை, நீங்கள்தான்.”

“என்னெண்டு சொல்லுறீர்?”

“அமெரிக்காவில சேர்ச் வரி இல்லை. இங்கதான் சம்பளத்தில பிடிக்கினம், அதுவும் எங்களைமாதிரிக் கத்தோலிக்க ஆக்களிட்ட. எனக்கும் பிடிக்கிறதாலதான் முதல்ல வாசிக்கேக்க பிழை தெரியேல்லை. சிவசக்தி அந்த வரியைக் கேள்விப்பட்டதே இல்லை. ஏன் கேட்டனெண்டும் அவவுக்குத் தெரியாது.”

கொட்வின் ஆறிப்போன கோப்பியைப் பார்த்தார்.

“போன கிழமை எடுத்தன், ஒஹாயோவில ஒரு மனுசி. பில்லுக்குப் பயந்து இன்சுலினைப் பாதிதான் போடுறாவாம். ‘மருத்துவச் சேவையில் திருப்தியா?’ எண்டு அடுத்த கேள்வி. வாசிச்சன். அதுக்குப் பிறகு நம்பர் அமத்தக் கை வரேல்லை.”

“அதால?”

“நானே முப்பது பேரைச் செய்தன். ஒருத்தருக்கும் பில் வராதமாதிரி.”

“அந்தப் பிள்ளையின்ர வீசா?”

“யோசிக்கேல்லை.” கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, மகேந்திரராஜாவின் அறைக்கு அவரே போனார்.

மெலனி முப்பது பேரையும் அழித்தாள். கடைசி ஆளுக்கு எழுபது வயது. உடம்பு சுகம், ஒரு குறையுமில்லை. அவரை அழிக்கக் கொஞ்சம் நேரமெடுத்தது.

அடுத்த மேசையில் சிவசக்தி இலக்கத்தை அமத்தினாள். அமெரிக்காவில் யாரோ எடுத்தார்கள்.

“வணக்கம் அம்மா. சுகமா இருக்கிறியளோ?”

அது கேள்விக்கொத்தில் இல்லாத கேள்வி. மெலனி திருத்தவில்லை.